ஏகாம்பரம் காட்டிய சுவர்கள்

பிப்ரவரி 3, திங்கள்

காலை: இட்லி இரண்டு. மதியம்: ஒரு கரண்டி சோறு, கீரை. இரவு: கோதுமை ரவை உப்புமா.

மேலே இருப்பது ஷைனி மேடம் எதிர்பார்க்கும் உணவு. நான் சாப்பிட்டது வேறு. இட்லி நான்கு, கெட்டிச் சட்டினியோடு. சோறு மூன்று கரண்டி. நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுச் சீமந்தத்தில் வந்த ஒரு மைசூர்பாகு. அதைச் சாப்பிட்டதாகக்கூடச் சொல்ல முடியாது, வாயில் போட்டதும் அதுவாகக் கரைந்துவிட்டது.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு உணவு சொல்லித்தரும் ஷைனி மேடம்தான் இந்த நோட்டைக் கொடுத்தார். "அங்கிள், சாப்பிடறத எல்லாம் எழுதுங்க. கூடவே அன்னிக்கு என்ன செஞ்சீங்கன்னும் எழுதுங்க. பொய் எழுதினா ரத்தத்துல தெரிஞ்சிடும்" என்றார். முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். பொய் சொல்பவர்களைப் படிக்கட்டில் கால் வைக்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். அப்படிப்பட்டவன் இட்லி விஷயத்தில் இவ்வளவு தடுமாறுவேன் என்று நினைக்கவில்லை.

இதெல்லாம் கண்ணுக்காக. வலது கண்ணில் புகை அடைத்துவிட்டது. இடது கண்ணில் நடுவே ஒரு கறை வந்திருக்கிறது. கண்ணுக்குள் ஊசி போட்டால் இடது கண் பிழைக்கும், தள்ளிப்போட்டால் அதுவும் போகும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்தெட்டாம் தேதி ஊசி. இதற்கு முன் இரண்டு தேதி கொடுத்தார்கள். முதல் முறை எனக்குக் காய்ச்சல். இரண்டாம் முறை எனக்குக் காய்ச்சல் வந்திருக்கலாம் என்ற சந்தேகம்.

என் மனைவி கோமளாவிடம் கண்ணாடி பவர் கூடியிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது முழுப் பொய்யும் இல்லை.

பிப்ரவரி 5, புதன்

சாப்பாடு முந்தாநாள் மாதிரியே. எழுத வெட்கமாக இருக்கிறது.

இன்று பூங்காவில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். காலை நடைக்கு வரும் கூட்டத்தில் தணிகாசலம் என்று ஒருவர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். நடக்கும்போதும் பாடம் எடுப்பார். ஏரிவாய்ப்பாக்கம் குடியிருப்பில் மூன்று மாடிச் சுவர்கள் முழுக்கப் பெரிய பெரிய ஓவியம் வரைந்திருக்கிறார்களாம், எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து அங்கேயே சாப்பிட்டு வரலாம் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "அது என் ரூட்டு சார். கடைசி ஆறு வருஷம் அங்கதான் டூட்டி பாத்தேன். சந்து பொந்து எல்லாம் அத்துப்படி" என்றேன்.

"அப்போ ஏகாம்பரம் சார், நீங்களே கூட்டிட்டுப் போய் விளக்கம் சொல்லுங்க" என்றார். பதினோரு பேர் கை தட்டினார்கள். கைதட்டல் கேட்டு எனக்கு ஐந்து வருடம் ஆகிறது. கடைசியாகத் தட்டியது ஓய்வு பெற்ற அன்று.

இருபத்து மூன்றாம் தேதி போகிறோம். மூன்று மாடி ஓவியம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வண்ணம் வண்ணமாகத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை: இட்லி மூன்று. (உண்மை.)

மாதாந்திர ரேஷன் என்று சொல்லிவிட்டுத் தனியாக ஏரிவாய்ப்பாக்கம் போனேன். பஸ் நிற்குமிடம் மாறவில்லை. குடியிருப்பின் முன்வாசலில் ஒரு வளைவு. அதைத் தாண்டினால் சுவர்கள். முதல் சுவரில் பெரிதாக ஒரு சிவப்பு, கீழே கொஞ்சம் வெள்ளி. தக்காளியா, தீயா, அரசியல் தலைவரா என்று அரை மணி நேரம் யோசித்தேன்.

பக்கத்தில் அத்தோ கடை. பர்மாவிலிருந்து வந்த குடும்பம். கடையை நடத்தும் வள்ளிமயிலுக்கு நாற்பது வயது இருக்கும். குரல் டிப்போ வரை கேட்கும். "இன்னா சார், அரை மணி நேரமா செவுத்தையே மொறைக்கிறீங்க? மீன் கூடைக்காரம்மா உங்களுக்கு இன்னா கெடுதி பண்ணிச்சு?" என்றாள்.

மீன் கூடைக்காரி! வெள்ளி நிறம் மீன்!

பேச்சுக் கொடுப்பதற்காக ஒரு தட்டு அத்தோ வாங்கினேன். மஞ்சள் நூடுல்ஸ், கோஸ், புளித்தண்ணீர், வறுத்த வெங்காயம், மேலே பேஜோ என்ற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டது, பக்கத்தில் வாழைத்தண்டு சூப். வாழைத்தண்டு சர்க்கரைக்கு நல்லது, எனவே சூப்பை மூன்று முறை வாங்கினேன். சூப் தனியாக இறங்கவில்லை, எனவே அத்தோவை இரண்டு முறை. கூட்டத்தைக் கூட்டி வருகிறவன் முதலில் ருசி பார்க்க வேண்டாமா?

பிறகு அவளிடம் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொன்னேன். கண்ணாடி மூக்கின் மேல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் கூடவே நடந்து எட்டு சுவரையும் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன்.

ஒன்று, மீன் கூடைக்காரி. இரண்டு, பட்டம் விடும் சிறுமி. மூன்று, யானை, அதன் தலையில் குருவி. நான்கு, தையல்காரர். ஐந்தாவதில் இரண்டே இரண்டு கண்கள், வேறொன்றுமில்லை. (ஓவியருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது.) ஆறு, கேரம் ஆடும் நான்கு பெண்கள். ஏழு, றெக்கை முளைத்த துப்புரவுத் தொழிலாளி. எட்டு, படகு.

இந்த மாத ரேஷனைப் போன வாரமே வாங்கியாயிற்று என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. கோமளா காலிப் பையை வாங்கி மாட்டிவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

பிப்ரவரி 12, புதன்

சர்க்கரை 268. அத்தோ பேசிவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலை: கேழ்வரகு தோசை இரண்டு. மதியம்: சோறு ஒரு கரண்டி. இரவு: அதே தோசை. இது சத்தியம்.

சுவர்களை மனப்பாடம் செய்கிறேன். இது எனக்குப் புதிய வேலை இல்லை. மார்கழிப் பனியில் வெளியே ஒன்றுமே தெரியாது. அப்போதும் வண்டி திரும்புவதை வைத்து நிறுத்தம் பெயரைச் சொல்லுவேன். முப்பத்திரண்டு நிறுத்தம், ஒரு நாளும் தப்பியதில்லை. எட்டு சுவர் எம்மாத்திரம்? வளைவிலிருந்து நாற்பது தப்படி, விசில். இடது பக்கம் திரும்பி இருபத்தைந்து, விசில். மொட்டை மாடியில் துணி உலர்த்தும் கொடிகளுக்கு நடுவே நடந்து பழகினேன்.

ஒவ்வொரு சுவருக்கும் விளக்கமும் தயாரித்திருக்கிறேன். "இந்த அம்மாவின் முகத்தில் கடலின் களைப்பு தெரிகிறது" என்பது மீன் கூடைக்காரிக்கு. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

கோமளா மாடிக்கு வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "யாரோட பேசினுகீறீங்க?" என்றாள். வாக்கிங் என்றேன். "சரி, எறங்கும்போது பாத்து" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 20, வியாழன்

சர்க்கரை 204. ஷைனி மேடம் கை குலுக்கினார். இருநூறுக்குக் கீழே வந்தால் இருபத்தெட்டாம் தேதி ஊசி உறுதி என்றார். எனக்குச் சந்தோஷப்படுவதா, ஒரு மைசூர்பாகு சாப்பிட்டுக் காரியத்தைக் கெடுப்பதா என்று புரியவில்லை.

"ஆன்ட்டிய கூட்டிட்டு வாங்க அங்கிள், அன்னிக்கு யாராவது கூட இருக்கணும்" என்றார். தனியாக வந்துகொள்வேன் என்றேன்.

ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று ஷைனி மேடம் கேட்கவில்லை. ஆனால் இந்த நோட்டைப் படித்தால் கேட்பார். என் மாமனாருக்குச் சர்க்கரையில் இரண்டு கண்ணும் போயிற்று. கோமளாதான் பதினோரு வருடம் அவரைக் கையைப் பிடித்து நடத்தினாள். கல்யாணத்துக்கு முன் நாலு வருடம், பின் ஏழு வருடம். அவர் போன அன்று அவள் தன் வலது கையை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையில் மறுபடி என் கையை வைக்க எனக்கு மனசு வரவில்லை. பயமும்தான். ஊசியைவிட இதற்கு அதிகப் பயம்.

இரவு: கேழ்வரகு தோசை. எனக்கு அலுத்துவிட்டது.

பிப்ரவரி 22, சனி

நாளைக்குக் கோமளாவும் வருகிறாளாம். பூங்காவில் யாரோ அழைத்திருக்கிறார்கள். பதின்மூன்று பேர்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கிளம்பும்போது கோமளா, "இந்தப் புடவ எப்டி கீது?" என்றாள். "நீலம் உனக்கு எடுப்பா இருக்கும்" என்றேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு "வேன் வந்துடுச்சு" என்றாள்.

வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தேன், வழிகாட்டி அல்லவா. ஏரிவாய்ப்பாக்கத்தில் இறங்கியதும் மூச்சை இழுத்துவிட்டு, நாற்பது தப்படி நடந்து நின்றேன். வேன் எந்த வாசலில் நின்றது என்று டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வளைவு தெரியவில்லையா என்பார். அதனால் கேட்கவில்லை. முன்வாசலில் தண்ணீர் லாரி நின்றதால் அவர் பின்வாசலுக்கு வந்துவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. எட்டாவது சுவரின் முன்னால் நின்றுகொண்டு ஒன்றாவது சுவரை ஆரம்பித்தேன்.

"இந்த அம்மாவின் முகத்தைப் பாருங்கள். கடலின் களைப்பு தெரிகிறது."

எங்கள் கூட்டத்தில் நூர்ஜஹான் அக்கா நல்ல மனசுக்காரர். மெதுவாக, "அம்மா எங்க சார்? படகுதான் இருக்கு" என்றார்.

முப்பத்தோரு வருட அனுபவம் சும்மா போகுமா? "அதுதான் கேள்வி! படகு இருக்கிறது. மீன்காரம்மா எங்கே? ஓவியர் நம்மைக் கேட்கிறார்" என்றேன். தணிகாசலம் "அடடா" என்று சொல்லிக் குறிப்பு எடுத்துக்கொண்டார்.

வள்ளிமயில் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனேன். "பட்டம் விடும் சிறுமி. இவள் மனம் வானத்தில் பறக்கிறது." அங்கே இருந்தது றெக்கை முளைத்த துப்புரவுத் தொழிலாளி. பறக்கிறது என்று சொன்னதால் பிழைத்தேன். வயது மட்டும் கொஞ்சம் இடித்தது.

மூன்றாவதில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "யானை! எவ்வளவு பெரிய உருவம். தலையில் சின்னக் குருவி. பலசாலி எளியவரைச் சுமக்கிறான்."

"நாலு பொம்பளைங்க கேரம் ஆடறாங்க சார். இதுல யாரு யானை?" என்று தணிகாசலம் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

அப்போதுதான் புரிந்தது. டவுன் டிரிப்! திரும்பி வருகிற வண்டி மாதிரி கடைசி நிறுத்தத்திலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினேன். எட்டு, ஏழு, ஆறு முடிந்தது, அடுத்தது ஐந்து, கண்கள். ஒரு கண்டக்டருக்கு இது கைவந்த கலை. ஆனால் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தணிகாசலம், "யானை அந்தச் சந்துல தெரியுது, வாங்க" என்று கூட்டத்தைக் குறுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் சத்தத்தைப் பின்தொடர்ந்து போய் நின்று, கையை உயர்த்தி, "இதோ இரண்டு கண்கள்! வேறொன்றுமில்லை. நம்மையே பார்க்கின்றன" என்றேன்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நூர்ஜஹான் அக்காதான், "யானைக்கும் ரெண்டு கண்ணு இருக்குல்ல" என்றார். அவருக்கு நல்லது நடக்கட்டும்.

வேனில் போய் உட்கார்ந்துவிடலாம் என்று திரும்பினேன், வேன் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அப்போது யாரோ என் முழங்கைக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்தார்கள். பிடிக்கவில்லை, வைத்தார்கள், அவ்வளவுதான். கோமளா. அடுத்த சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுக் காதருகே, "தையக்காரரு. வெள்ள பனியன். கண்ணாடி மூக்கு நுனியில. ஊசில நூல் கோக்குறாரு" என்றாள்.

நான் கேட்டதைச் சத்தமாகச் சொன்னேன். "தையல்காரர். ஊசியில் நூல் கோக்கிறார். நம் வாழ்க்கையும் அப்படித்தான்." வாழ்க்கை என் சொந்தச் சரக்கு.

"ஐயோ, வாழ்க்கைய விடுங்க" என்று காதில் கேட்டது.

அப்படியே மீதிச் சுவர்களை முடித்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் அறிவித்தேன். கண்கள், பட்டம், மீன்காரம்மா எல்லாம் சரியாக வந்தன. கூட்டத்துக்கும் உற்சாகம் திரும்பியது. மீன்காரம்மாவின் மூக்குத்தியில் ஓவியர் ஒரு சின்ன வெளிச்சம் வைத்திருப்பதுவரை சொன்னாள். எனக்கே அந்தச் சுவர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. எட்டும் முடிந்ததும் நின்றேன். அவள் விரலை எடுக்கவில்லை. "இன்னும் ஒண்ணு கீது" என்று வளைவுக்குப் பக்கத்தில் கூட்டிப்போனாள். புதிதாக வரைந்திருப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"ஒரு பொம்பள நிக்கிறா" என்றாள்.

"இங்கே ஒரு பெண் நிற்கிறாள்" என்றேன்.

"பச்சப் புடவ. நீலம் இல்ல."

"பச்சைப் புடவை" என்றேன். மீதியை விட்டுவிட்டேன்.

"முப்பத்தி நாலு வருஷமா ஒருத்தன் பக்கத்துல நிக்கிறா."

"முப்பத்து நான்கு ஆண்டுகளாக ஒருவன் பக்கத்தில் நிற்கிறாள்!" அதையும் கையை உயர்த்தி எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னேன், முட்டாள்.

"அவனுக்குக் கண்ணு போய்க்கினு கீது. அவ கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

உயர்த்திய கையை இறக்கினேன். இதை நான் அறிவிக்கவில்லை.

தணிகாசலம் பின்னாலிருந்து, "ரெண்டு பேரும் எதைப் பாத்துப் பேசறீங்க? வெறும் வெள்ளைச் சுவர் சார். இன்னும் வரையவே ஆரம்பிக்கல" என்றார். நூர்ஜஹான் அக்கா அவரைப் பிரியாணி கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

கோமளாவும் நானும் அத்தோ கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். வள்ளிமயில் என்னைப் பார்த்தாள், கோமளாவைப் பார்த்தாள், கேட்காமலே இரண்டு சூப் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விட்டாள். அவளுக்கு அவ்வளவு மெதுவாக நடக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

"எப்போலேர்ந்து உனக்குத் தெரியும்?" என்றேன்.

"தீபாவளிலேர்ந்து. படியில கால தடவிப் பாத்து எறங்குறீங்க. எங்கப்பா அப்டிதான் எறங்குவாரு. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துனே இருந்தேன்."

"உனக்கு மறுபடியும் கஷ்டம் வேணாம்னுதான்..."

"எங்கப்பாவ பதினோரு வருஷம் கூட்டினு போனேன். கஷ்டம்னு உங்ககிட்ட வந்து சொன்னனா?" சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "அவரு எனக்கு ஒளிக்கல. மொத நாளே, கோமு, அப்பாக்கு தெரியலம்மான்னு கைய நீட்டுனாரு. நீங்க ரேஷன் கடைன்னு சொல்லிட்டு இங்க வந்து தனியா செவுத்த தடவினு நிக்கிறீங்க, மாடியில ஒப்பிச்சப்பவே புரிஞ்சிடுச்சு. நான் யாரு உங்களுக்கு?"

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர் சூப்பில் காரம் அதிகமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இருபத்தெட்டாம் தேதியைச் சொன்னேன். தள்ளிப்போட்ட இரண்டு தேதிகளையும் சொன்னேன். காய்ச்சல் சந்தேகத்தைக் கேட்டதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஊசிக்கு பயமா?"

"ரொம்ப."

"எனக்கும்தான்" என்றாள்.

இன்றைய சாப்பாடு: சூப் ஒன்று. அத்தோ நாலு வாய், கோமளா தட்டிலிருந்து. ஐந்தாவது வாய்க்குக் கை நீட்டியபோது தட்டை நகர்த்திவிட்டாள். இதுவரை இந்த நோட்டில் எழுதிய உணவுகளிலேயே இதுதான் முழு உண்மை.

பிப்ரவரி 24, திங்கள்

பூங்காவில் எல்லாரும் நலம் விசாரித்தார்கள். தணிகாசலம் மட்டும் மீன்காரம்மா எங்கே என்ற கேள்விக்குத் தனக்கு ஒரு விடை தோன்றியிருப்பதாகச் சொன்னார். கேட்டுக்கொண்டேன், முக்கால் மணி நேரம்.

பிப்ரவரி 27, வியாழன்

சர்க்கரை 187. இனிக் காரணம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

சொல்வது நான், எழுதுவது கோமளா. இடது கண்ணில் கட்டு. நாளைக் காலை அவிழ்ப்பார்கள்.

காலை: இட்லி இரண்டு. (ஒண்ணரைதான். பயத்துல எறங்கல.) ஊசி போட்டாகிவிட்டது. கறை கரையும், இருக்கிற பார்வை நிற்கும் என்று டாக்டர் சொன்னார். வலது கண் பற்றி உறுதி சொல்லவில்லை. இன்னும் இரண்டு ஊசி பாக்கி. நான் தைரியமாகப் படுத்திருந்தேன். இதை அப்படியே எழுது. (எழுதிட்டேன்.) வலிக்கவில்லை, சொட்டு மருந்திலேயே மரத்துப்போய்விட்டது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா மூன்று மாதம் நாடகம் ஆடினேன் என்று ஷைனி மேடம் கேட்டால், ஆமாம் என்று எழுது. தூக்கம் வருகிறது.

ஷைனி மேடம், இது நான் எழுதறேன், கோமளா. அவரு தூங்கிட்டாரு. தைரியமா படுத்திருந்தேன்னு சொன்னாரே, அத நம்பாதீங்க. எங்களுக்கு கல்யாணம் ஆகி முப்பத்தி நாலு வருஷம். வீட்லயும் சரி, வெளியிலயும் சரி, என்ன அவரு "இந்தா"ன்னுதான் கூப்புடுவாரு. பேர சொன்னதே இல்ல. இன்னிக்கு அவர உள்ள கூட்டினு போய் கதவ சாத்திட்டாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்துனு இருந்தேன். கொஞ்ச நேரத்துல உள்ளேர்ந்து "கோமளா, கோமளா"ன்னு ஒரே சத்தம். பஸ்ஸுல கடைசி சீட்டு வரைக்கும் கேக்குற கொரலு அது. பெஞ்சுல இருந்த அத்தினி பேரும் திரும்பிப் பாத்தாங்க. நர்ஸம்மா கதவத் தொறந்து, "இங்க கோமளா யாரு?"ன்னாங்க.

நான்தான்னு எழுந்து நின்னேன். செருப்ப வெளிய விட்டுட்டு உள்ள போனேன்.